காசிமேடா, ராயபுரம் ஸ்டேஷனா?

முதலாண்டு இன்டீரியர் டிசைனில், ஓர் இடத்தைப் புலன்கள் எப்படி உணர்கின்றன என்று செய்துகாட்டும் ‘இடமும் புலன்களும்’ பிராஜெக்ட் கொடுத்துவிட்டார்களா? வடசென்னை மாணவர்களுக்கு இரண்டு இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் கண்ணுக்கானது: உயரமான தூண்கள், அவற்றின் நிழல். அளந்து வரைய எளிது, மாடலும் அழகாக வரும். அதோடு சரி.

என் ஓட்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு. விடியற்காலை ஏலக் கூச்சல், காலில் படும் உடைத்த ஐஸ், டீசலும் கவிச்சியும் கலந்த வாடை. கண்ணை மூடினாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இதை வெறும் அட்டையில் காட்ட முடியாது. ஈரச் சாக்கு, பழைய வலை, பதிவுசெய்த சத்தம் வைத்து ஓர் இருட்டறை கட்டலாம். (பிராஜெக்டை மதிப்பிடும் ஜூரிக்கு மீனை மட்டும் கொண்டுபோக வேண்டாம்!) அதற்கெல்லாம் நேரமில்லை என்றால், சரி, ராயபுரமே எடுத்துக்கொள்ளுங்கள்.