அரசுக்கு அறிவியல் ஆலோசனை: அகாதமியா, ஆலோசகரா, துறைக் குழுவா?

அறிவியல் சார்ந்த முடிவுக்கு முன் ஓர் அரசு மூன்று இடங்களில் கேட்கலாம்: தேசிய அகாதமி, தலைமை அறிவியல் ஆலோசகர், துறை தானே அமைக்கும் வல்லுநர் குழு. மூன்றும் மூன்று வகைக் கேள்விகளுக்கு ஏற்றவை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் பிசகுகிறது.

அகாதமியின் பலம் அதன் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் 1863 சாசனப்படி, எந்த அரசுத் துறை கேட்டாலும் அது ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். செலவு அரசுடையது, உழைப்புக்கு ஊதியம் இல்லை. இன்று அங்கே துறையும் அகாதமியும் பேசிக் கேள்வியை முதலில் எழுத்தில் வரையறுக்கின்றன. குழுவுக்குத் தேர்ந்தவர்களின் பெயர்கள் வெளியிடப்பட்டு, 20 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விடப்படுகின்றன. தகவல் திரட்டும் கூட்டங்கள் திறந்தவை. விவாதம் மூடிய அறையில். வரைவை வெளியார் மீளாய்வு செய்கிறார்கள். அறிக்கை வெளியாகும்வரை அவர்கள் யாரென்று குழுவுக்கே தெரியாது. பணம் கொடுத்த துறைக்கும் வரைவு காட்டப்படாது. இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன்.

இதற்கெல்லாம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். அவசரத்தில் படிகளைத் தாண்டினால் பெயர்தான் கெடும். 2010இல் பி.டி. கத்தரிக்காய் (பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றப்பட்ட ரகம்) குறித்து இந்தியாவின் ஆறு அகாதமிகள் தந்த கூட்டறிக்கையில், வேறொரு கட்டுரையின் பகுதிகள் அப்படியே இருந்தன. மேற்கோள் குறிப்புகளும் இல்லை. கேட்ட அமைச்சரே அதை ஏற்கவில்லை. திருத்திய அறிக்கை பின்னர் வந்தது. கடுமையான வெளி மீளாய்வு இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்க வேண்டிய குறை அது. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், ஜெர்மனியின் லெயோபோல்டினா அகாதமி பள்ளித் திறப்பு உள்ளிட்டவை குறித்து வெளியிட்ட அறிக்கையை எழுதிய 26 பேரில் பெண்கள் இருவர் மட்டுமே. உள்ளடக்கத்தோடு குழுவின் சேர்க்கையும் விவாதப் பொருளாயிற்று.

தலைமை ஆலோசகர் வேகத்துக்கு. பிரிட்டனில் இந்தப் பதவி 1964 முதல், இந்தியாவில் முதன்மை அறிவியல் ஆலோசகர் 1999 முதல், நியூசிலாந்தில் பிரதமருக்கான ஆலோசகர் 2009 முதல். தொற்றோ அணு உலை விபத்தோ நேர்ந்தால் அன்று மாலைக்குள் பதில் வேண்டும். அமைச்சரவையின் ரகசியத் தாள்களைப் பார்க்கக்கூடியவரால்தான் அதைத் தர முடியும். ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது ஓர் அறிவியல் பிரிவுதான். வாய்மொழி ஆலோசனை பதிவாவதில்லை. பிற்பாடு யார் என்ன சொன்னார் என்று சரிபார்க்க வழியில்லை.

துறைக் குழு மருந்து அனுமதி, பூச்சிக்கொல்லி அளவு போன்ற வழக்கமான வேலைகளுக்குச் சரி. சர்ச்சைக்குரிய கேள்விக்கு ஆகாது: உறுப்பினர்களைத் தேர்வதும் முடிவால் பாதிக்கப்படுவதும் அதே துறை. பிரிட்டனில் மாடுகளின் மூளையைத் தாக்கும் பித்து நோய் (mad cow disease) பரவியபோது அமைந்த நால்வர் குழு 1989இல், மனிதருக்கு ஆபத்து ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. அந்தக் கணிப்பு தவறானால் விளைவு மிகக் கடுமையாகும் என்றும் எழுதியது. அரசு முதல் பாதியையே ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டியது. மனித நோயுடன் தொடர்பிருக்கக்கூடும் என்ற அறிவிப்பு 1996 மார்ச்சில் வந்தது.

ஆகவே பதில் வேண்டிய கெடுவை முதலில் பாருங்கள். நாள்கணக்கென்றால் ஆலோசகர். ஓராண்டுக்கு மேல் அவகாசமிருந்து, கேள்வி துறையின் சொந்த நலனைத் தொடுமானால் அகாதமி. அகாதமியிடம் போகுமுன் கேள்வியைச் செதுக்கும் வேலையை ஆலோசகரிடம் விடுவது நல்லது. ‘மரபணு மாற்றுப் பயிர் நல்லதா?’ என்று கேட்டால் பதில் கட்டுரையாகத்தான் வரும். ‘இந்த ரகத்தை, இந்த மண்ணில், எந்தச் சோதனைகளுக்குப் பிறகு அனுமதிக்கலாம்?’ என்று கேட்டால் முடிவெடுக்கத் தகுந்த பதில் கிடைக்கும். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும்: அரசு ஏற்றாலும் மறுத்தாலும் அறிக்கை முழுமையாக வெளியாகும்; குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு எழுத்தில் பதில் தரும்.