கிருஷ்ணகிரி மாங்கூழுக்கு எந்தக் கடல் விதி நல்லது?

கிருஷ்ணகிரியில் கூழாகும் தோத்தாபுரி மாம்பழம், பீப்பாய்களில் சென்னைத் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. நடுக்கடலில் சரக்கு கெட்டால் யார் பொறுப்பு? ஹேக்-விஸ்பி, ஹாம்பர்க், ராட்டர்டாம் என்ற மூன்று சர்வதேச விதித்தொகுப்புகள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

பலரும் முதலில் இழப்பீட்டு உச்சவரம்பைத்தான் ஒப்பிடுவார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகில், கிலோவுக்கு ஹேக்-விஸ்பி 2, ஹாம்பர்க் 2.5, ராட்டர்டாம் 3. நமக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. 2 எஸ்.டி.ஆர். என்பதே 200 ரூபாய்க்கு மேல். மாங்கூழோ கிரானைட் கல்லோ கிலோவுக்கு அந்த விலை போவதில்லை. வரம்பை எட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனம் கைகழுவ முடிகிறதா என்பதுதான் நம் கவலை.

ஹேக்-விஸ்பியில் முடியும். கேப்டன் கப்பலைத் தவறாகச் செலுத்தித் தரைதட்டி, கன்டெய்னருக்குள் உப்புநீர் ஏறினாலும் நிறுவனம் பொறுப்பல்ல. 1924இல் எழுதிய இந்தச் சலுகையை 1968 திருத்தமும் தொடவில்லை. வழக்குத் தொடர ஒரே ஆண்டு. தாமதத்துக்குத் தனி விதி இல்லை. எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் சொல்லாததால், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடியெழுத்தே அதைத் தீர்மானிக்கிறது. மாங்கூழ் ஆலைக்காரர் வெளிநாட்டில் வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டும் என்பது, வழக்கே போடாதே என்பதற்குச் சமம். 1925 சட்டத்தின் இடத்தில் வந்த, கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான இந்தியாவின் 2025 சட்டமும் இதே தடத்தில்தான் செல்கிறது என்பது எனக்குப் பெரும் ஏமாற்றம்.

வளரும் நாடுகள் போராடிப் பெற்ற 1978 ஹாம்பர்க் விதிகள் அந்தச் சலுகையை ஒழித்தன. தன்மேல் தவறில்லை என்று கப்பல் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் (தீ விபத்தில் மட்டும் சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டும்). தாமதத்துக்கு, தாமதமான சரக்கின் கப்பல் கூலியைப் போல் இரண்டரை மடங்கு வரை இழப்பீடு. இரண்டு ஆண்டு அவகாசம். முக்கியமாக, சரக்கு ஏற்றிய துறைமுகத்திலேயே வழக்குப் போடலாம். பொறுப்பு கூடினால் கூலி ஏறும் என்கிறார்கள் கப்பல்காரர்கள்; இன்று அந்த நஷ்டத்தை நம் காப்பீட்டுப் பிரீமியம் சுமக்கவில்லையா? 1992 முதல் நடைமுறையில் இருந்தும் இந்தியாவோ பெரிய கப்பல் நாடுகளில் பெரும்பாலானவையோ இதில் சேரவில்லை. ஆனால் எகிப்து சேர்ந்திருக்கிறது. அங்கே இறங்கும் சரக்குக்காக அந்நாட்டு நீதிமன்றத்தில் இதைக் கோரலாம்.

2008 ராட்டர்டாமும் கேப்டன் சலுகையை நீக்கியது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட அளவு சரக்கைப் பல தவணைகளில் அனுப்பப் போடும் மொத்த அளவு ஒப்பந்தங்களில் பொறுப்பைக் குறைத்து எழுத இடம் கொடுத்தது. பேரம் பேசும் பலம் பர்கூர் ஆலைக்கா, கப்பல் நிறுவனத்துக்கா? நடைமுறைக்கு வர 20 நாடுகள் ஏற்க வேண்டும்; அத்தனை நாடுகள் ஏற்காததால் அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

என் தேர்வு ஹாம்பர்க். அதில் சேரத் தயங்கினாலும், சென்னையில் ஏற்றிய சரக்குக்குச் சென்னையிலேயே வழக்காடும் உரிமையையாவது நம் சட்டத்தில் எழுத வேண்டும்.