உக்கடத்தில் 650 ரூபாய்க்கு வாங்கிய பழைய மைட்டர் கேஜ்

31 வருடம் லேத்தில் நின்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு டேபிள் சா (மேஜை நடுவில் பிளேடு சுழலும் ரம்ப மெஷின்) போட்டுத் தேக்கில் சட்டம் செய்கிறேன், பெரும்பாலும் தஞ்சாவூர் ஓவியங்களுக்கு. ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. வெட்டுக்கு 0.1 டிகிரி பிசகினாலும் கடைசி மூலைக்கு வரும்போது 0.8 டிகிரி சேர்ந்திருக்கும். 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட ஒரு மில்லி இடைவெளி. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம். ஆனால் பாலிஷ் ஏறியதும் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். இரண்டு வருடம் இதோடுதான் மல்லுக்கட்டினேன். மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்து பிளேடை நோக்கித் தள்ளும் கருவிதான் மைட்டர் கேஜ்; அதன் பட்டை மேஜையில் உள்ள பள்ளத்தில் ஓடும், தலை கோணத்துக்குத் திரும்பும். மெஷினோடு வந்த கேஜ் எடையே இல்லாதது, மரத்தை அழுத்திப் பிடித்தால் தலை அசையும்.

கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் இந்தக் கேஜ் கிடைத்தது. வார்ப்பிரும்புத் தலை, 18 அங்குலப் பட்டை, உடம்பெல்லாம் துரு. 800 சொன்னார்கள், 650க்கு முடிந்தது. கடையிலேயே மூன்று விஷயம் பார்த்துக்கொண்டேன். தலையைப் பிடித்து ஆட்டினேன், அது சுழலும் அச்சில் ஆட்டம் இல்லை. பட்டையைக் கண்ணாடி மேல் வைத்தேன், வளைவு இல்லை. வெர்னியர் வைத்து அகலம் பார்த்தேன், 18.85 மி.மீ. என் மெஷினின் பள்ளம் 19.10. எல்லா மெஷினுக்கும் பள்ளம் ஒரே அளவு கிடையாது, அதனால் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போவது நல்லது. அச்சில் ஆட்டம் இருந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எமரி தேய்த்து, மெழுகு பூசினேன். எண்ணெய் வேண்டாம், அது மரத்தில் கறையாகும்.

மிச்சம் இருந்தது அந்த 0.25 மி.மீ. ஆட்டம். கேட்கச் சின்னதுதான். ஆனால் வெட்டு ஆரம்பிக்கும்போது பட்டையில் பாதிதான் பள்ளத்துக்குள் இருக்கும். அந்த நிலையில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.33 மி.மீ. வரை கோணல் வரும். பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் வைத்து இடைவெளி விட்டு லேசாகத் தட்டினேன். குழியைச் சுற்றி உலோகம் கொஞ்சம் எழும்பும். பிறகு நயமான அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஆடாமல் தடையில்லாமல் ஓடும் அளவுக்குக் கொண்டுவந்தேன். பாதி நாள் வேலை. பூட்டும் குமிழின் மரை தேய்ந்திருந்தது, அடுத்த அளவுக்கு டேப் போட்டு, அதாவது புது மரை வெட்டி, சரிசெய்தேன்.

அடுத்தது 90 டிகிரி. அதற்கு முன்னால் டயல் கேஜ் வைத்து பிளேடு பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெஷினின் பிழைக்குக் கேஜைக் குறைசொல்லக் கூடாது. மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட ஐந்து வெட்டு முறை நம்பகமானது: 300 மி.மீ. சதுர பிளைவுட்டைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் வெட்டி, முதல் பக்கத்தை மறுபடி வெட்ட வேண்டும். கடைசியாக விழும் துண்டின் இரு முனை அகலத்தையும் அளந்தால் பிழை நான்கு மடங்காகத் தெரியும். முதல் முறை 1.6 மி.மீ. வித்தியாசம், அதாவது ஒரு வெட்டுக்கு 0.4. தலையைக் குறித்த கோணத்தில் நிறுத்தும் ஸ்டாப் திருகைத் துளித்துளியாகத் திருப்பி நான்காவது முயற்சியில் 0.12க்கு வந்தேன். வெட்டுக்கு 0.03. மரவேலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

சட்டத்தின் மூலைக்கு வேண்டிய 45 டிகிரிக்கு ஸ்டாப்பை மட்டும் நம்புவதில்லை. கழிவு மரத்தில் சின்னதாக ஒரு முழுச் சட்டம் வெட்டிச் சேர்த்துப் பார்க்கிறேன், எட்டு வெட்டின் பிழையும் கடைசி மூலையில் வந்து நிற்கும். 45இல் வெட்டும்போது மரம் வழுக்கி நகரும் என்பதால், தலையில் 24 அங்குலப் பலகை ஒன்றைத் திருகி, அதன் முகத்தில் 150 நம்பர் உப்புத்தாள் ஒட்டினேன். அதே பலகையில் ஒரு தடுப்புக் கட்டையும் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் ஒத்துப்போகாவிட்டால் கோணம் சரியாக இருந்தும் மூலை கூடாது. நீளம் பிடிக்க ரிப் ஃபென்ஸை (பிளேடுக்கு இணையாக மேஜையில் நிற்கும் தடுப்பை) மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். வெட்டிய துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டி, முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

குறைகளும் உண்டு. டிகிரிக் கோடுகள் தடிமன், முள்ளும் லேசாக வளைந்தது, அதனால் அந்த அளவுகோலை நான் பார்ப்பதே இல்லை. எண்கோணச் சட்டத்துக்கு வேண்டிய 22.5க்கு ஸ்டாப் கிடையாது, வெட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அகலமான பலகைகளுக்கு இது ஒத்துவராது, அதற்குப் பலகையை மேலே வைத்துத் தள்ளும் ஸ்லெட்தான். வெர்னியரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கையில் இல்லாதவர்கள் புதிதாகவே நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம்.

இதை வைத்து இதுவரை 14 சட்டம் முடித்திருக்கிறேன். எந்த மூலையையும் தூள் வைத்து அடைக்கவில்லை.