இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று சொல்லி 38,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: வெளிநாடு கிளம்புகிறவர்கள் கவனிக்கவும்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, நானும் கூடவே கிளம்பினேன். பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூல். வெளிநாட்டு லைசென்ஸ் வேலையும் பார்ப்பார்களாம். “பத்து வருஷம் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ், கூடவே அனுபவச் சான்றிதழ், எல்லாம் சேர்த்து 38,000. இதைக் காட்டினால் அங்கே இன்சூரன்ஸ் பாதியாகிவிடும் அண்ணாச்சி” என்றார் உரிமையாளர்.

எனக்குச் சேரன்மகாதேவி என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். அவர் மாமனார் ஊர் பத்தமடையாம். டீ வந்தது. “நம் ஊர்க்காரரிடம் லாபம் பார்ப்பேனா?” என்று சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பினார். “மைனியும் கார் ஓட்டுவார்களா? அவர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமே” என்றார். நல்லவேளை, அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

இங்கே வந்து இன்சூரன்ஸ் கேட்டபோது வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. லைசென்ஸ் என்று தந்தது உலக உருண்டைப் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை. அரசு முத்திரை எங்குமே இல்லை. சான்றிதழில் இருந்த ஒரே சீல் அந்த டிரைவிங் ஸ்கூலுடையது. நம் ஊர் இன்சூரன்ஸ் கம்பெனி தந்த கடிதம் இருந்தால் கொண்டுவா என்கிறார்கள் இங்குள்ள கம்பெனிக்காரர்கள். ஊரில் என் காருக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடே கேட்காமல் ஓட்டியதற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 50 சதவீதத்தில் நிற்கிறது. அதற்கான கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா அந்த ஆள்? காரையாறு மலைப்பாதையில் வருஷக்கணக்கில் கார் ஏற்றியவன், இங்கே நேற்று ஓட்டப் பழகியவன் கணக்கில் சேர்ந்துவிட்டேன்.

இன்னொரு கொடுமை, இங்கே குடியேறிய முதல் 12 மாதம் நம் ஊர் லைசென்ஸை வைத்தே கார் ஓட்டலாம். அதன் பிறகு புரொவிஷனல் லைசென்ஸ் (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) எடுத்து, தியரி தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இந்திய லைசென்ஸை மாற்றித் தர மாட்டார்கள். அப்படியென்றால் அந்த அட்டை எதற்கு? 38,000 ரூபாய்!

போன் செய்தால் முதலில் “பார்க்கிறேன் அண்ணாச்சி”. அப்புறம் “உங்களுக்குக் காட்டத் தெரியவில்லை”. இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை. தம்பி நேரில் போனால் தூத்துக்குடி போயிருக்கிறார், கோயில் கொடைக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். அவர் பைக்கோ வாசலிலேயே நிற்கிறது. ஒருவழியாக ஆள் அகப்பட்டபோது ரசீதைப் படிக்கச் சொன்னாராம். ‘ஆலோசனைக் கட்டணம் ரூ.38,000’. ஆலோசனை சொன்னோம், முடிந்தது என்கிறார். ஒரு டீயும் பத்தமடைக் கதையும் 38,000 ரூபாயா?

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. உண்மையான இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டுக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் வாங்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் செல்லாது, பத்து வருஷம் என்றாலே பொய். நோ கிளெய்ம் போனஸ் கடிதத்தை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேளுங்கள். அதையும் இங்கே எல்லாக் கம்பெனியும் ஏற்பதில்லை. ரசீதில் ‘ஆலோசனை’ என்ற சொல் இருந்தால் பணத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.