அச்சம் நிலவும் வகுப்பறையும் இணக்கம் நிலவும் வகுப்பறையும்

ஆசிரியர் நுழைந்ததும் பேச்சடங்கி, கேள்வி யார்மேல் விழுமோ என்று தலைகுனியும் வகுப்பு ஒன்று. தவறான விடைக்கும் ‘எப்படி அந்த முடிவுக்கு வந்தாய்?’ என்று கேட்கப்படும் வகுப்பு மற்றொன்று. வெளிப்பார்வைக்கு முதலாவதே ஒழுங்கானதாகத் தோன்றும். ஆனால் அந்த அமைதியைக் கவனம் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கின் இடைப்படிகளைத் தாங்கி நிற்கும் செயல்நினைவின் கொள்ளளவு மிகச் சிறியது. திட்டு விழுமோ என்ற கவலை அதிலேயே இடம் பிடித்துக்கொள்வதால், வீட்டில் சரியாகப் போட்ட கணக்கையே மாணவர் கரும்பலகை முன் தவறவிடுகிறார். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், முன்பு படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதையும் தடுக்கக்கூடும். அச்சுறுத்திய நிகழ்ச்சியோ ஆழப் பதிந்துவிடும். பாடம் மறந்தபின்னும் பிரம்பு நினைவிருக்கிறதே!

இணக்கமான வகுப்பின் முதன்மைப் பயன், பிழை வெளியே வருவது. 3/4-ஐவிட 3/5 பெரிது என்று நம்பும் மாணவர் அதை வாய்விட்டுச் சொன்னால்தான் ஆசிரியரால் திருத்த முடியும். அஞ்சும் வகுப்பில் அதே பிழை தேர்வுத்தாள்வரை ஒளிந்திருக்கும்.

எனினும் இணக்கம் தளர்ச்சியன்று. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் ஆகிய உளவியலாளர் இருவரும் எலிகளிடம் நடத்திய சோதனையில், கடினமான பணியைக் கற்க மிதமான தூண்டலே ஏற்றதாக இருந்தது. எலியிலிருந்து மாணவருக்குத் தாவுவது சற்றுத் துணிச்சல்தான்; ஆயினும் எதையும் எதிர்பாராமல் பாராட்டை மட்டும் வாரி வழங்கும் வகுப்பிலும் கற்றல் மந்தமாகவே நகரும். எளிய மனப்பாடத்துக்குக் கண்டிப்பு உதவலாம். புதிய கணக்கைத் தாமே தீர்க்க வேண்டிய இடத்தில் இணக்கமான வகுப்பையே நான் தேர்வேன்.