ஆர்ம் சேவையகத்தை ஒழுங்காக அணைக்கப் பழகிய கதை

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோதுதான் இலங்கை மலையகத்து ஹட்டனில் என் மேசையடியில் கிடந்த கணினியைக் கைவிட்டேன். சிறுதோட்டக்காரர் சிலரின் தேயிலைக் கொழுந்து நிறைக் கணக்கு அதில் இருந்தது. அதைக் கிளவுடில் ஆர்ம் வகைச் செயலி கொண்ட ஒரு சேவையகத்துக்கு மாற்றினேன், வாடகை குறைவு. டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய காலம். இரவு எட்டுக்கு அணைந்து காலை ஐந்துக்கு எழும்படி நேரம் குறித்தேன். வட்டு வாடகை நிற்காது, மற்றது மிச்சம்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அணைப்பதில்தான் வினை. தினமும் காலையில் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் அதே புலம்பலோடு எழுந்தது: முறையாக நிறுத்தப்படவில்லை, மீட்பு நடக்கிறது. கணக்கு தொலையவில்லை, என் தூக்கம்தான் தொலைந்தது. கணினியின் நிகழ்வுப் பதிவான ஜர்னலில் முந்திய நாளின் கடைசி வரி 8.01க்கு முன்பே அறுந்திருந்தது. எந்தச் சேவையும் நின்றதாக ஒரு சொல் இல்லை. உள்ளே நுழைந்து நானே பவர்ஆஃப் கட்டளை கொடுத்தால் மட்டும் சமர்த்தாக அணைந்தது.

வெளியிலிருந்து ‘நிறுத்து’ என்றால் கிளவுட் செய்வது, மெய்நிகர் இயந்திரத்தின், அதாவது மென்பொருளால் ஆன என் சேவையகத்தின், பவர் பொத்தானை அழுத்துவது. குறித்த நேரத்துக்குள் அணையாவிட்டால் மின்னைப் பிடுங்கிவிடும். வழக்கமான இன்டெல் வகையில் அந்த அழுத்தம் ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை இடைமுகம் வழியே வரும். ஆர்மில் அப்படியும் வரலாம். டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் பட்டியலைப் படித்து எழும் இயந்திரமானால், ஜிபிஐஓ என்ற பொது உள்ளீட்டு முனையில் அழுத்திய விசையாகவும் வரலாம். என்னுடையது இரண்டாவது சாதி.

ஒரு மாலை, விசை அழுத்தங்களைக் காட்டும் ஈவிடெஸ்ட் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ‘நிறுத்து’ அழுத்தினேன். திரையில் பவர் விசை என்ற வரி பளிச்சென்று வந்தது. லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குக் கேட்டிருக்கிறது! சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில், பவர் பொத்தானைக் கவனிக்கும் லாகின்ட்தான் அசையவில்லை. ‘பவர் ஸ்விட்ச்’ என்று சாதன நிர்வாகியான யூடெவ் குறியிட்ட சாதனங்களுக்கு மட்டுமே அது செவி கொடுக்கும். எனக்குக் கிடைத்த மெலிந்த இமேஜில் (இயங்குதளத்தின் ஆயத்த நகல்) அந்தக் குறி இல்லை. தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, தப்புப் பறை அடித்தாயிற்று, லயத்து வீடுகளில் ஒருவரும் எழவில்லை என்ற கதைதான். ஒரே வரி யூடெவ் விதி எழுதினேன், தீர்ந்தது.

முழுதாகத் தீரவில்லை. நான் எழுதிய கணக்கு நிரலே சில இரவுகளில் நிற்க மறுத்தது. சிஸ்டம்டி ஒரு சேவைக்கு இயல்பாக 90 விநாடி பொறுக்கும். கிளவுடை இயக்கும் ஓப்பன்ஸ்டேக் மென்பொருள் இயல்பாகக் காத்திருப்பதோ 60 விநாடி. யார் தோற்பார் என்பது தெரிந்ததுதானே. என் நிரலுக்கு 20 விநாடி கெடு வைத்தேன்.

இப்போது ஜர்னலில் போஸ்ட்கிரெஸ் நின்ற வரி எட்டு மணி தாண்டிய சில விநாடிகளில் வந்துவிடுகிறது. இமேஜை மாற்றும்போது மட்டும் அந்த ஈவிடெஸ்ட் சோதனையை மறுபடி செய்கிறேன். போன முறை விதியை நகலெடுக்க மறந்திருந்தேன்.