ஹஸ்கி ஜெர்க்: ஜனவரிக் குளிரில் ஒரு நாள்

டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில், கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இருந்தபடி மீன்பிடிக்கும் போட்டி. ஆளுக்கு 3 லூர்தான் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) அனுமதி. ஒன்று ரப்பலா ஹஸ்கி ஜெர்க், நல்லவேளை. இழுத்து நிறுத்தினால் மேலே வராது, அடியிலும் போகாது, அந்தரத்தில் அப்படியே நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் பாஸ் மீன் சோம்பிக் கிடக்கும், துரத்தாது. அதனால் இரண்டு சுண்டு சுண்டிவிட்டு, பத்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். விரல் மரத்துப்போனவனுக்குப் பத்து பெரிய எண்!

மூன்று மீன் அளவுப்பலகைக்கு வந்தன. பெரியது 19 அங்குலம், படமெடுத்து விட்டுவிட்டேன். அப்புறம், நைலான் கைவலை கொண்டுபோனது என் முட்டாள்தனம். லூரின் மும்முனைத் தூண்டில்முள் அதில் சிக்கி, பிரிக்கவே கால் மணி நேரம். ரப்பர் வலை வாங்குங்கள்.

ஏரிக்கடியில் பட்ட மரங்கள் அதிகம். மதியம் ஒரு கிளையில் மாட்டி லூர் அறுந்தது. மீதி இரண்டிலும் ஒரு கடிகூட இல்லை. மறுநாளே அதே நிறத்தில் இரண்டு வாங்கினேன்.